எரிப்பதும் ஏற்றுவதும்

நெருப்பு மாந்தன் கைக்கு வந்த நாள்தொட்டு இரு வேறு பணிகளைச் செய்து வருகிறது. ஒன்றை அழிக்கிறது, மற்றொன்றை விளங்கச் செய்கிறது. குப்பையை எரிப்பர், விளக்கை ஏற்றுவர். கோயிற் கல்வெட்டுகளில் விளக்கெரித்தல் என்னும் வழக்கு உண்டு என்பது உண்மையே. ஆயினும், மாலையில் இல்லத்துப் பெண்டிர் விளக்கை ஏற்றுவதாகச் சொல்வரேயன்றி எரிப்பதாகச் சொல்லார். ஒரே தீ, வினை மட்டும் வேறு. ஊர் கூடி மகிழ்ந்து மூட்டும் திருவிழா நெருப்பு இவ்விரண்டனுள் எந்த வினைக்கு உரியது? கார்த்திகைச் சொக்கப்பனை, போகித் தீ, தீபாவளி வாணவேடிக்கை ஆகிய மூன்றையும் ஒரே மரபு என்று போற்றுவாரும், ஒரே வீண்செலவு என்று தள்ளுவாரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்த செலண்டார்ப் பகுதியில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. அங்குள்ள தமிழரின் வரலாறே நெருப்பில் தொடங்கியது. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரக் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு தொடங்கிய முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. தோட்டம் என்பது முதலில் காடு. காட்டை வெட்டிச் சாய்த்து, வெயிலில் உலரவிட்டு, தீ மூட்டிச் சாம்பலாக்கிய பின்னரே கன்று ஊன்றப்படும். எரியும் காட்டில் மூங்கிற் கணுக்கள் வெடிக்கும் ஓசை, கப்பலிலிருந்து இறங்கி வந்த தொழிலாளி இந்நாட்டில் கேட்ட முதல் வெடியோசையாக இருந்திருக்கக்கூடும். பின்னர்ப் புகைக்கூடத்தில் விறகுப் புகையில் ரப்பர்த் தகடுகள் உலர்ந்தன. பகலெல்லாம் நெருப்போடும் புகையோடும் உழைத்தவர்கள் திருநாள் இரவில் மீண்டும் நெருப்பையே நாடினர். பகலில் அது துரையின் நெருப்பு; இரவில் அவர்களுடையது. இவ்வேறுபாட்டை உணராமல், ஏழைக்கு எதற்கு மத்தாப்பு என்று கேட்பது எளிது.

தமிழரின் திருவிழா நெருப்புகளுள் இலக்கியச் சான்றுடன் மிகத் தொன்மையானது கார்த்திகை விளக்கீடு. அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் அவ்விழா இரவைப் பாடியுள்ளார். மழை ஓய்ந்த வானத்தில் முழுமதி கார்த்திகை மீன்களைச் சேரும் இரவில், தெருக்களில் விளக்கு வைத்து மாலை தூக்கி ஊரே விழாக் கொண்டாடியதை அப்பாடல் காட்டும். திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்திலும் கார்த்திகை நாள் பழமை வாய்ந்ததாகவே சுட்டப்படுகிறது. அங்கு வெடியோசை இல்லை, மருந்தும் இல்லை. விளக்கு உண்டு, கூட்டம் உண்டு, கூட்டத்தினரிடையே பிரிவுத் துயரோடு காத்திருக்கும் தலைவியும் உண்டு.

விளக்கீட்டோடு சேர்ந்தது சொக்கப்பனை. கோயிலின் முன் பனைமரத் துண்டொன்றை நட்டு, காய்ந்த ஓலைகளை அதனைச் சுற்றிக் கூம்பாகக் கட்டி, திருவுருவம் எழுந்தருளிய பின் தீ மூட்டுவர். திரிபுரம் எரித்த செயலின் நினைவு என்று சைவர் பொருள் உரைப்பர். எரிந்தபின் எஞ்சிய கரித்துண்டையும் சாம்பலையும் எடுத்துச் சென்று வயலில் இடுவது சில ஊர்களில் வழக்கம். சிறுவர்க்கு மாவலி உண்டு. ஆண்பனையின் பூப்பாளையைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் முடிந்து, பனைமட்டைக் கீற்றுகளுக்கிடையே இறுக்கிக் கயிற்றில் கட்டுவர். அதில் கனலிட்டுத் தலைக்கு மேலே சுழற்றினால் பொறிகள் வட்ட வட்டமாகப் பூவெனச் சிதறும். ஓசையே இல்லாத வாணவேடிக்கை இது. அப்பனும் பிள்ளையும் ஒரு வாரம் உழைத்துச் செய்வது; கடையில் விற்பதன்று. மலாக்காவில் பனை கிடைப்பது அரிது. ஆகவே மாவலி செலண்டார்ப் பிள்ளைகளுக்குப் பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்தால் வியப்பில்லை. மாவலியைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் பூப்பாளை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்!

சொக்கப்பனையில் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊருக்கு ஒரு நெருப்பு என்பதே அது. ஓலை கொடுத்தவர் பலர். கண்டு மகிழ்பவர் எல்லாரும். பொருளுடையவனுக்குப் பெரிய சொக்கப்பனை, இல்லாதவனுக்குச் சிறியது என்னும் வேறுபாடு அங்கில்லை. கோயிலினுள் நுழையவிடாமல் சிலரைத் தடுத்து வைத்திருந்த காலத்தில், சொக்கப்பனை வெளிச்சம் மட்டும் அத்தடையை மீறி அவர்கள் நின்ற இடம்வரை சென்றது. அது போதுமா என்பது வேறு கேள்வி. போதாது.

வெடிமருந்து பின்னர் வந்தது. சீனர் மூங்கிலைத் தீயிலிட்டு வெடிக்கச் செய்து தீய ஆவிகளை விரட்டினர். மருந்தைக் கண்டறிந்தபின் அதனைக் குழாயில் அடைத்தனர். 1443இல் விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் கண்ட வாணவேடிக்கையை வியந்து எழுதியுள்ளார். அது அரசனின் விழா. குடிமக்கள் கைக்கு எட்டியது நெடுங்காலம் கழித்தே. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்து உழவுக்குப் பயன்படாத அம்மண்ணின் வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. அதன்பின் பட்டாசு கடையில் விற்கும் பொருளாயிற்று.

கடைப்பொருளானவுடன் நெருப்பின் இயல்பு மாறியது. ஊருக்கு ஒன்றாக இருந்தது வீட்டுக்கு ஒன்றாயிற்று. பகிர்தல் போட்டியாயிற்று. லயன் வீடுகளில் வாழ்ந்தவர்க்கு இது நன்கு தெரியும். ஒரே கூரை, பத்துக் குடும்பங்கள், நடுவில் பலகைச் சுவர் ஒன்றே. ஒரு வாசலில் சரவெடி முழங்கும்போது அடுத்த வாசலில் நிற்கும் பிள்ளை தன் தந்தையின் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு அஞ்சியே கடைக்காரரின் கணக்கில் கடன் எழுதச் சொன்ன தந்தையர் பலர். விழாவில் மகிழ்ச்சி வேண்டாமா என்று கேட்பவர்கள், ஒருவன் மகிழ்ச்சி மற்றொருவனுக்கு அவமானமாக மாறும் இடத்தையும் கருத வேண்டும். வெடிச்சத்தத்தில் ஆணவத்தின் ஒலியும் கலந்துவிடுவதுண்டு. நள்ளிரவில் அண்டைவீட்டுச் சீனக் கிழவர் நோயுற்றுப் படுத்திருக்க, மலாய்க்காரரின் கைக்குழந்தை அலறித் துடிக்க, இது எங்கள் பண்பாடு என்று கூறி வெடிப்பவர் பண்பாடு என்னும் சொல்லின் முற்பகுதியை மறந்தவர். பிற இனத்தாரின் திருநாளில் தமிழர் வீட்டு முதியவரும் இவ்வாறே துன்புறுவர் என்பதால் குற்றம் குறைந்துவிடாது.

இவையெல்லாம் கண்ணுக்கு எதிரே உள்ள விலை. கண்ணுக்கு எட்டாத விலை வேறு. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் உழைத்ததை எதிர்த்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிச் சேர்த்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்றும், அத்தொகை குழந்தைகளின் நலனுக்கு ஆகவேண்டும் என்றும் அது பணித்தது. ஆனால் பெரியவர்களின் இறப்பு நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இது கடல் கடந்த செய்தி என்று ஒதுக்க இடமில்லை. 1991 மே 7ஆம் நாள் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் பட்டாசு ஆலையொன்று வெடித்தது. 26 உயிர்கள் போயின. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். வேடிக்கை பார்த்தவரையும் நெருப்பு விடுவதில்லை. கேரளத்துப் பரவூரில் உள்ள புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆம் நாள் வாணவேடிக்கைக்கென வைத்திருந்த வெடிகள் தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்ட அடியார்கள் மாண்டனர். தெய்வத்தின் முன்னிலையில் நடந்தது என்பதால் மருந்து தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே பட்டாசை விட்டொழிப்பதே அறம் என்று முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதில் முடியாது. சிவகாசியின் தொழிலாளியிடமே கேட்டால், ஆலையை மூடாதீர்கள் என்றுதான் சொல்வார். வானம் பொய்த்த நிலத்தில் அவருக்கு வேறு உலை இல்லை. தொலைவில் இருந்துகொண்டு, உன் உயிருக்காகவே உன் சோற்றைப் பறிக்கிறேன் என்று சொல்வதில் ஒருவகைச் செருக்கு உண்டு. அரசுகள் வெவ்வேறு வழிகளை நாடின. சிங்கப்பூர் 1972இல் பொதுமக்கள் பட்டாசு வெடிப்பதை முற்றாகத் தடை செய்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே வெடிக்கலாம் என வரையறுத்தது. தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும் அவ்வாண்டுத் தீபாவளிக்கு ஒதுக்கினர். சட்டம் நேரத்தை அளக்கும்; ஓசையை அளக்கும். வாங்குபவன் மனத்தில், இதனைச் செய்த கை எது, அந்தக் கை இன்னும் முழுதாக இருக்கிறதா என்னும் எண்ணத்தை அது எழுப்பாது. அவ்வெண்ணம் எழுந்தவன் வாங்கினாலும் குறைவாக வாங்குவான். பாதுகாப்பான ஆலையில் செய்ததா என்று கேட்பான். வெடிக்கும் இடத்தையும் காலத்தையும் பார்ப்பான். விலையைத் தானும் ஒரு பங்கு சுமக்க முன்வருகிறான் என்பதே அதன் பொருள்.

விலையைத் தாமே சுமந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்களுக்கு ஆண்டுதோறும் நாரைகளும் கொக்குகளும் கூடுகட்ட வருகின்றன. அப்பறவைகள் வெருண்டு போகாவண்ணம் அவ்வூரார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977இல் அரசு அவ்விடத்தைப் பறவைகள் காப்பிடமாக்கியது. எனினும் அரசாணை கருதி அவர்கள் அடங்கியிருக்கவில்லை. அங்கும் குழந்தைகள் உண்டு; அவர்களுக்கும் ஆசை உண்டு. அவ்வாசையை அடக்கிக் கொள்ளும்படி நாரைகள் அவர்களைக் கேட்கவில்லை. தீபாவளியை அவ்வூர் கைவிட்டுவிடவும் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், புத்தாடை உடுத்துகிறார்கள், விளக்கு வைக்கிறார்கள்.

விழா நெருப்பில் வெறும் பொருள் மட்டுமன்றி ஆளும் எரிவதுண்டு. இங்கிலாந்தில் 1605ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதை நினைந்து நவம்பர் 5ஆம் நாள் பெருந்தீ மூட்டி, கை ஃபாக்சின் உருவத்தை எரித்தனர். அந்நாளைக் கொண்டாடச் சட்டமே இருந்தது. 1859இல்தான் அது நீக்கப்பட்டது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் கத்தோலிக்க அண்டைவீட்டாருக்கு அந்தத் தீ எவ்வாறு தோன்றியிருக்கும்? எரிபவனுக்காக அழுவதற்கு அவ்விழாவில் ஒருவரும் இல்லை. தமிழரின் காமன் பண்டிகை இங்கு வேறுபடுகிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து இன்றும் பெருவிழாவாக நடைபெறுகிறது. சிவனின் நெற்றிக்கண் நெருப்பால் காமன் எரிகிறான். உடனே ரதி ஒப்பாரி வைக்கிறாள். ஊரே அவளோடு கண்ணீர் விடுகிறது. எரித்தவன் கடவுள், ஆயினும் அழுபவளின் பக்கமும் ஊர் நிற்கிறது. பின்னர்க் காமன் உயிர்பெற்று எழுகிறான். தமிழ்நாட்டிலோ இதனை வழக்காகவே நடத்தினர். எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று லாவணிப் புலவர்கள் விடிய விடியப் பாடி வாதிட்டனர். எரித்தல் சரியா என்று நெருப்பின் அருகிலேயே அமர்ந்து வாதிட்ட மரபு இது. அதைவிட உயர்ந்த தருக்கப் பள்ளி ஒன்றைக் கல்லூரிகள் தந்திருக்கின்றனவா என்பது ஐயமே.

போகித் தீ இந்த வாதத்துக்கு இடம் தருவதில்லை. பழையது என்றால் போதும், தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இதற்குப் பலரும் நன்னூலைச் சான்று காட்டுவர். பவணந்தியார் மொழியைப் பற்றியே பேசினார். பழைய வழக்குகள் நீங்குவதும் புதியன சேர்வதும் காலத்தின் இயல்பால் நிகழ்வன. ஆதலின் அவை குற்றமாகா என்றார். தாமாகக் கழிவதைக் குற்றமில்லை என்றவர், கழியாததைப் பிடித்துத் தீயில் இடுக என்று யாண்டும் சொல்லவில்லை. இலக்கண நூற்பாவைக் குப்பை எரிக்கத் துணைக்கு அழைப்பது தமிழாசிரியர் பொறுத்துக்கொள்ளக் கூடியதன்று. போதாக்குறைக்கு, எரிவதும் ஓலைப்பாயும் வைக்கோலுமாக இருந்த நிலை மாறிவிட்டது. டயரும் நெகிழிப்பொருளும் எரிந்த புகையால் 2018 ஜனவரி 13ஆம் நாள் சென்னை விமான நிலையமே செயலிழந்து நின்றது. 1997இன் புகைமூட்டத்தைக் கண்ட மலேசியர்க்குப் புகையின் கொடுமையை விளக்கத் தேவையில்லை.

பார்க்காமல் எரித்ததால் தமிழ் இழந்தவற்றுக்குக் கணக்கில்லை. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பகைவர் செய்த வேலையன்று அது. பழைய ஏட்டைக் கண்ட இடத்தில் போடுதல் ஆகாது, முறைப்படி தீக்கு அளிக்க வேண்டும் என்னும் பக்தியே அதனைச் செய்தது. எரித்தவர்களுக்கு மனச்சான்று உறுத்தியிராது. ஒரு நூலைப் படிக்கத் தெரியாதவன் அதனை வணக்கத்தோடு எரிக்கவும் கூடும் என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது.

அதே போகி நாளை மலாக்காச் செட்டிகள் வேறு விதமாகக் கழிக்கிறார்கள். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகத்துக்கு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். வழிபடுவது 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலில். தமிழ் மொழி அவர்கள் நாவை விட்டு நீங்கி நெடுங்காலம் ஆயிற்று. எனினும் பொங்கலுக்கு முதல் நாள் 'பர்ச்சு' என்னும் படையலை அவர்கள் மறக்கவில்லை. வாழையிலைகளில் முன்னோர்க்கு உணவு படைத்து, விளக்கேற்றி, இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழையதை எரிக்கும் நாளில், மொழியை இழந்த அக்குடியினர் பழையவரை விருந்துக்கு அழைக்கின்றனர். காஜா பேராங்கிலிருந்து செலண்டாருக்குத் தொலைவு மிகுதியில்லை. எரிக்கும் போகியும் ஏற்றும் போகியும் ஒரே மாநிலத்தில் உண்டு.

இது செலண்டாருக்கு இன்று வந்திருக்கும் கேள்வியும் ஆகும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. லயன் வீட்டைக் காலி செய்யும் நாளில் முற்றத்தில் ஒரு குவியல் சேரும். கிழிந்த பாய், உடைந்த முக்காலி, கரையான் அரித்த பலகை. அவற்றோடு தகரப்பெட்டியின் அடியில் கிடந்த தாள்களும் சேர்ந்துவிடுகின்றன. புதிய வீட்டில் இடமில்லை, படிப்பாரும் இல்லை, தீக்குச்சி இருக்கிறது. ஏட்டுச்சுவடி எரிந்ததைக் கேட்டு வருந்தும் மாணவன், தன் பாட்டியின் பெட்டியைப் பற்றிக் கேட்டறிந்திருக்கிறானா?

போகிக்கு ஒரு வாரம் முன்னர்த் தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் அதைக் கேட்கலாம். எரிக்கப் போவதை முதலில் பள்ளிக்குக் கொண்டு வந்து காட்டுங்கள் என்று சொல்லலாம். பெரும்பாலானவை எரிக்கத் தக்கனவாகவே இருக்கும். பாயும் பலகையும் வீட்டிலேயே நிற்கட்டும். நாகப்பட்டினத்திலிருந்து எஸ். எஸ். ரஜூலாக் கப்பலில் வந்தவரின் பயணச்சீட்டு ஒன்று வரலாம். குடியுரிமை கிடைக்காமல் காலமெல்லாம் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தவரின் அந்த அட்டை வரலாம். தோட்டத்து மாரியம்மன் திருவிழா அழைப்பிதழ், வெட்டுக்கூலி குறித்த செக்ரோல் தாள், ஊரிலிருந்து அக்காள் எழுதிய நீலநிற வான்மடல், பெயர் தெரியாத ஒரு பெண் பால்மரத்தின் அருகே நிற்கும் நிழற்படம். அந்தப் பெண் யார் என்று சொல்லக்கூடியவர் ஒருவர் தாமானின் மூன்றாவது சந்தில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.